பாசறைக் கடையும் ஊர்க் குடும்பமும்: மிலிட்டரி கேன்டீனின் வளர்ச்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி

போர்வீரனுக்கு உணவளிக்கும் பொறுப்பை அரசு ஏற்பது நம் நாட்டில் புதிய வழக்கமன்று. திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி அடிவாரத்தில் இன்றும் நிற்கும் நெற்களஞ்சியமே அதற்குப் போதிய சாட்சி. ஆயினும் அத்தகைய களஞ்சியங்கள் கோட்டைக்குள் இருந்தோரைக் காக்க எழுந்தவையேயன்றி, வீரன் ஊரில் விட்டுவந்த மனைவி மக்களுக்காக எழுந்தவையல்ல. அவன் குடும்பமும் அரசின் பராமரிப்புக்குரியது என்னும் கருத்து நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று.

கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னைப் படையில் சிப்பாய்களின் குடும்பங்கள் பெரும்பாலும் ரெஜிமெண்டுடனேயே இடம்பெயர்ந்தமையால், ரெஜிமெண்டு பஜாரே அவர்களுக்கு மளிகைக் கடையாக இருந்தது. பிற்காலத்தில் குடும்பம் கிராமத்தில் தங்க, சிப்பாய் மட்டும் எல்லைக்குச் சென்றான். பாசறைக் கடையோ காண்டிராக்டர்கள் கைக்குள் கிடந்தது. பிரிட்டனில் 1920-இல் படையினருக்கான கேன்டீன்களை நடத்த நாஃபி என்னும் ஸ்தாபனம் தோன்றிய காலத்தை ஒட்டி இந்தியாவிலும் ஒரு கேன்டீன் வாரியம் ஏற்பட்டதெனினும், அது 1927-இல் கலைக்கப்பட, பழைய காண்டிராக்ட் முறையே மீண்டும் தலைதூக்கிற்று. 1939-இல் ஏறத்தாழ 2 லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம், இரண்டாம் உலகப் போரின் முடிவில் 25 லட்சத்தை எட்டுமளவுக்குப் பெருகத் தொடங்கியபோது அம்முறை தாங்கவில்லை. 1942-இல் அரசாங்கமே காண்டிராக்டர்களின் சிண்டிகேட்டைக் கையேற்றது. சுதந்திரத்துக்குப்பின், 1948 ஜனவரி 1-ஆம் தேதி, பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றைய கேன்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்ட் பிறந்தது.

இத்துறையின் கேன்டீன்களில் காணும் விலைக் குறைவுக்குக் காரணம் நேரடியான மானியம் மட்டுமே என்று கருதுவது பொருந்தாது. அமெரிக்காவில், 1867 முதல் சாதாரணச் சிப்பாய்க்கும் திறந்துவிடப்பட்ட கமிசரிக் கடைகளை நடத்த அந்நாட்டுக் காங்கிரஸ் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறது. நம் நாட்டிலோ மொத்தக் கொள்முதலும், சொற்ப லாபமும், 2017 முதல் சரக்கு-சேவை வரியில் கேன்டீன் துறைக்குப் பாதி திருப்பித் தரப்படும் சலுகையும் சேர்ந்தே விலையைத் தாழ்த்துகின்றன. துறையின் லாபத்தில் ஒரு பங்கும் படையினர் நலனுக்கே திரும்பிச் செல்கிறது. ஆகவே இதனைத் தர்மமென்று சொல்வது தவறு. வாங்குவோரின் ஒற்றுமையால் விளைந்த நியாயமான பலன் என்பதே என் துணிபு.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் இதன் மதிப்பை ஆராயும்போது இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதை எட்டுமுன்னரே, பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார் என்பது ஒன்று. அரிசி ரேஷன் கடையிலேயே கிடைக்கும் தமிழ்நாட்டில், கேன்டீன் ஈடுசெய்வது சோற்றையன்று, சோற்றைச் சுற்றியுள்ள செலவுகளையே என்பது மற்றொன்று. குளியல் சோப்பு, பற்பசை, தேயிலை, எண்ணெய், குழந்தைகளுக்கான சத்துமாவு, என்றோ ஒருநாள் வாங்கும் பிரஷர் குக்கர் என, பென்ஷன் பணத்தை மெல்ல மெல்லக் கரைக்கும் பண்டங்கள் இவையே. கணவரை இழந்து குடும்ப பென்ஷனில் ஜீவிக்கும் ஓர் அம்மாள், கேன்டீன் கார்டை மஞ்சள்பைக்குள் பத்திரமாகச் செருகி, கவுண்டரில் பில் தொகையை ஒவ்வோர் இனமாகச் சரிபார்த்து நிற்கும் காட்சியைக் கண்டவர்க்கு, ஒரு சோப்புக்கு மிச்சமாகும் சில ரூபாய்கள் அற்பமாகத் தோன்றா.

ஆனால் விழுப்புரமும் திண்டிவனமும் பாசறை ஊர்களல்ல. பாசறை ஊராகிய வெலிங்டனில் குடியிருக்கும் குடும்பத்துக்குக் கேன்டீன் நடை தூரம். செஞ்சிக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கோ அது பஸ் மாறிப் போகவேண்டிய அரைநாள் பிரயாணம். பஸ் கட்டணத்தையும் அன்றைய கூலி நஷ்டத்தையும் கழித்தபின் எஞ்சுவதே மெய்யான சகாயம். விலைப்பட்டியலில் காணும் வித்தியாசம் அன்று. மாதாந்தரச் சாமான்களை மொத்தமாக வாங்கிச் சுமந்து வர முடியாத முதியவர்க்கு அச்சகாயம் மேலும் சுருங்குகிறது. படைப்பிரிவின் தேவைக்கென வகுத்த நிர்வாக அமைப்பு, ஊர் திரும்பிய குடும்பங்களின் பூகோளத்துக்கு இன்னும் முழுதும் இணங்கவில்லை என்பதே இக்குறையின் மூலம். முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்துக்காக விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் அவர்கள் கூடும் நாளிலேயே நடமாடும் கேன்டீன் வண்டியொன்று அங்கு நிற்கவும், மறுநாள் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் செல்லவும் ஏற்பாடு செய்வதில் பெரிய செலவு ஒன்றும் இராது.