பத்து ராகம், மூணு பெட்டி, ஒரு சரண்ஜித் சிங்

செம்பூர் திலக் நகர்ல குடியிருக்கிறவங்களுக்கு ரீமிக்ஸ்னா என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். கணபதி சமயத்துல எந்தப் பாட்டு வந்தாலும் அடியில ஒரே 'டொம் டொம்'தான். திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து டிரான்ஸ்ஃபர்ல வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, இப்ப காதும் பழகிப்போச்சு. இந்தச் சத்தத்தோட பூர்வீகம் என்னன்னு தேடப் போய், இதே மும்பையில இருந்த ஒருத்தர்கிட்ட போய் நின்னேன். பேரு சரண்ஜித் சிங்.

இவர் இசையமைப்பாளர் இல்லைங்க. ஹிந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராவுல கிடார், கீபோர்டு வாசிச்சவர். சங்கர்-ஜெய்கிஷன், எஸ்.டி.பர்மன், ஆர்.டி.பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால்னு பெரிய தலைகள் எல்லார்கிட்டயும் வாசிச்சிருக்கார். அன்னிக்கு இசைத்தட்டு உறையில இசையமைப்பாளர் பேர் இருக்கும், பாடினவங்க பேர் இருக்கும். வாசிச்சவங்க பேர் பெரும்பாலும் இருக்காது. வாசிச்சோம், கூலி வாங்கினோம், வீட்டுக்குப் போனோம்னு முடிஞ்சுடும். சினிமாப் பாட்டுகளை வாத்தியத்துல வாசிச்ச தனி இசைத்தட்டுகளும் இவர் போட்டிருக்கார்.

1980-ல 'குர்பானி' வந்ததுலேர்ந்து பம்பாய்க்கு டிஸ்கோ பைத்தியம் பிடிச்சிருந்தது. 1982 டிசம்பர்ல 'டிஸ்கோ டான்ஸர்' வந்து அதை உச்சத்துக்குக் கொண்டு போச்சு. அந்த 1982-லதான் நம்ம ஆளு ஒரு காரியம் பண்ணினார். ஜப்பான் ரோலண்ட் கம்பெனியோட மூணு மின்னணுப் பெட்டிகளை எடுத்துக்கிட்டார். டிஆர்-808 தாளம் போடும். டிபி-303 பேஸ் வாசிக்கும். மூணாவது ஜூபிட்டர்-8, கையால வாசிக்கிற சிந்தசைசர். முதல் ரெண்டையும் ஒண்ணா ஓடவிட்டு, அதுக்கு மேல ராகம் வாசிச்சார். பத்து ராகம், பத்து டிராக். 1983-ல 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'ங்கிற பேர்ல எச்.எம்.வி. முத்திரையோட வெளிவந்தது.

நம்ம வீட்டுப் பிள்ளைங்க பாட்டு கிளாஸ் போறதால இதைச் சொல்றேன். அந்தப் பத்துல இருக்கிற யமன் நம்ம கல்யாணி. பூபாலி நம்ம மோகனம். மால்கவுன்ஸ் ஹிந்தோளம். பைராகி கேட்டா ரேவதி மாதிரி இருக்கும். கலாவதி கேட்டா வலஜி. தோடின்னு போட்டிருப்பாங்க, ஏமாந்துடாதீங்க. இந்துஸ்தானி தோடிக்கு நம்ம பக்கம் சுபபந்துவராளிதான் ஜோடி. நம்ம தோடியோட ஸ்வரங்கள் இருக்கிறது அவங்க பைரவியில!

சரி, தட்டு வித்துதான்னு கேக்கறீங்களா? படுத்துடுச்சு. டிஸ்கோ ரசிகனுக்குப் பாட்டு வேணும், இதுல பாட்டே இல்லை. கச்சேரி ரசிகனுக்கு அந்த 'டொம் டொம்' ஆகாது. சரண்ஜித் சிங்கும் பழைய வேலைக்கே திரும்பிட்டார்.

இதுல வேடிக்கை என்னன்னா, டிபி-303 பெட்டியும் அதே கதிதான். தனியா கிடார் வாசிக்கிறவனுக்குத் துணைக்கு ஒரு பேஸ் வாத்தியம்னு சொல்லிப் போட்டாங்க. விக்காம 1984-ல நிறுத்திட்டாங்க. செகண்ட் ஹேண்ட் கடையில சல்லிசா கிடைச்சதை சிகாகோ பசங்க வாங்கினாங்க. 1987-ல ஃபியூச்சர்ங்கிற குழு அதை வச்சு 'ஆசிட் டிராக்ஸ்' போட்டாங்க. ஆசிட் ஹவுஸ்ங்கிற நடன இசை அதுலேர்ந்துதான் ஐரோப்பா முழுக்கப் பரவினது.

2002-ல நம்ம ஊர் டி.வி.யில 'காண்டா லகா' ரீமிக்ஸ் ஓடு ஓடுன்னு ஓடிக்கிட்டிருந்தது. அதே வருஷம் எடோ பௌமன்ங்கிற டச்சுக்காரர் டெல்லியில இந்தப் பழைய தட்டைக் கண்டெடுத்தார். போட்டுக் கேட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கு. ஆசிட் ஹவுஸ் மாதிரியே இருக்கு, ஆனா அதுக்கு அஞ்சு வருஷம் முன்னால பண்ணது! மும்பைக்கு வந்து அவரையே தேடிப் பிடிச்சார். 2010-ல தன்னோட பாம்பே கனெக்‌ஷன் நிறுவனம் மூலமா மறுபடி வெளியிட்டார். அதுக்கப்புறம் எழுபது வயசைத் தாண்டின சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகள்ல இளவட்டங்கள் முன்னாடி இதை வாசிச்சார். 2015 ஜூலையில காலமானார்.

"ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடிச்சது இந்தியர்தான்"னு ஃபார்வர்டு வந்தா பெருமையா அனுப்பிடறோம். அதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. சிகாகோ பசங்க இந்தத் தட்டைப் பார்த்து பண்ணல. இவருக்கும் அவங்களைத் தெரியாது. அப்புறம் ஏன் ஒரே மாதிரி இருக்கு? பெட்டி ஒண்ணு, அது ஒரு காரணம். டிபி-303-ல ஒரு ஸ்வரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போற வசதி உண்டு. நம்ம காதுக்கு அது ஜாரு மாதிரி. ரெண்டாவது, ராகத்துல கார்டு மாறாது. ஒரே ஆதார ஷட்ஜத்துல நின்னுக்கிட்டே விரியும். ஆசிட் ஹவுஸும் அப்படித்தான், ஒரே இடத்துல நின்னு சுத்தும். சிகாகோ பசங்க குமிழைத் திருகித் திருகி வந்து சேர்ந்த இடத்துக்கு, இவர் ராகம் வழியா முன்னாலயே போயிட்டார்.

எனக்கு இதுதான் பெரிசாத் தெரியுது. 'முதல்ல பண்ணவர்'னு பட்டம் கொடுத்தா சிகாகோவை வச்சுத்தான் அவரை அளக்கிறோம். சினிமாவுல அடுத்தவங்க மெட்டையே வாசிச்சுக்கிட்டிருந்த ஒரு மனுஷன், ஒரே ஒரு தடவை தன் இஷ்டத்துக்கு ஒண்ணு பண்ணிப் பார்த்தார். புது மெஷின் கையில இருந்தும் சும்மா டிஸ்கோ மெட்டு போடாம, தனக்குத் தெரிஞ்ச ராகத்தைக் கொண்டு வந்தார். அதனாலதான் அந்தத் தட்டு இன்னிக்கும் புதுசா இருக்கு. பேங்க்காரன் பாஷையில சொன்னா, 1983-லயே வாராக் கடன்னு எழுதித் தள்ளின கணக்கு, இருபத்தேழு வருஷம் கழிச்சு வட்டியோட வந்தது. நல்லவேளையா வாங்கிக்க ஆளும் உயிரோட இருந்தார். எத்தனையோ வாத்தியக்காரங்களுக்கு அது கூட நடக்கல.

சும்மா மோகனத்துல ஆரம்பிங்க, அதாவது அந்தத் தட்டுல பூபாலி. வீட்டுல கீபோர்டு கத்துக்கிற பிள்ளை இருந்தா பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க. "இது என்ன ராகம் சொல்லு"ன்னு கேட்டுட்டு, அது என்ன சொல்லிச்சுன்னு எனக்கும் எழுதுங்க.