பிரதியின் இருப்பிடம்: சொந்தப் பெட்டியும் வாடகை மேகமும்

1

தமிழில் ‘பிரதி’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. அச்சகத்தில் அது படி: ‘ஐந்நூறு பிரதி போடுங்க’ என்கிறோம். தொண்ணூறுகளின் விமரிசனத்தில் அதே சொல், ஆசிரியனின் பிடியிலிருந்து விடுபட்டு வாசிப்பில் அர்த்தம் கொள்ளும் எழுத்தைக் குறித்தது. இரண்டாவது அர்த்தத்தைப் பற்றி நாம் நிறையவே பேசியாயிற்று. ஆசிரியன் செத்தானா பிழைத்தானா என்று சண்டைகூடப் போட்டாயிற்று. முதல் அர்த்தம் பேசப்படாமலே கிடக்கிறது. பிரதி எங்கே இருக்கிறது, யார் வீட்டில், யார் செலவில், அதை அழிக்கும் அதிகாரம் யாரிடம் என்ற கேள்வியை ‘அதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம்’ என்று ஒதுக்கிவிட்டோம்.

இப்போது ஒதுக்க முடியாது. கையெழுத்துப் பிரதி, கள ஆய்வின் ஒலிப்பதிவு, உண்மையறியும் குழுவின் புகைப்படம், பழைய இதழ்களின் ஸ்கேன் எல்லாமே கோப்புகளாகிவிட்டன. இவற்றைக் காப்பாற்ற இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கி, வீட்டு ரவுட்டரோடு இணைத்து நாமே பராமரிப்பது. கடையில் ‘நாஸ்’ என்று கேட்டால் தருவார்கள். மற்றது கிளவுட்: மாதாமாதம் பணம் கட்டி, கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மாதிரியான ஒரு நிறுவனத்தின் கட்டிடத்தில் இடம் பிடிப்பது. எது மலிவு, எது வசதி என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். இந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

2

பெட்டி பழசு, மேகம் புதுசு என்பது விளம்பரம் எழுதிய வரலாறு. ஹார்ட் டிஸ்க் பிறந்ததே வாடகைக்குத்தான். 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் இயந்திரத்தின் வட்டு அலகில் இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகள் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துக்கள், அதாவது சில நாவல்கள். மாத வாடகை கட்டித்தான் கம்பெனிகள் அதைப் பயன்படுத்தின. 1961-ல் ஜான் மெக்கார்த்தி, கணினித் திறனும் ஒருநாள் தொலைபேசி மாதிரி ஒரு பொதுச்சேவை ஆகலாம் என்றார். ஒரு பெரிய இயந்திரம், அதனிடம் கையேந்தும் பல முனைகள். இன்றைய கிளவுடின் வரைபடம் அப்போதே போடப்பட்டுவிட்டது.

எழுபதுகளின் பிற்பகுதியில் சொந்தக் கணினி வந்து அந்த உறவைக் கலைத்தது. வட்டு மேஜைக்கு வந்தது. 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ‘ரெய்ட்’ என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்கள். விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான சின்ன வட்டுகளைக் கூட்டாக இயக்கலாம், ஒன்று செத்தாலும் மற்றவை ஈடுகட்டும் என்பது வாதம். அந்தப் பெயரின் நடு எழுத்து ‘மலிவான’ என்பதைக் குறித்தது. பிற்பாடு வணிகர்கள் அதே எழுத்துக்குத் ‘தனித்தியங்கும்’ என்று பொருள் சொன்னார்கள். மலிவு என்ற சொல்லை வைத்துக்கொண்டு விலையை ஏற்ற முடியாதல்லவா! இன்று வீட்டில் வைக்கும் நாஸ் பெட்டிக்குள் இருப்பது அந்த ஏற்பாடுதான்.

2006-ல் அமேசான் தன் ‘எஸ்3’ சேவையைத் திறந்தது. இரண்டு வருஷத்தில் டிராப்பாக்ஸ் வந்தது, 2012-ல் கூகுள் டிரைவ். வாடகை திரும்பி வந்தது. ஆக, அறுபத்தைந்து, எழுபது வருஷ சேமிப்பு வரலாறு என்பது வாடகைக்கும் சொந்தத்துக்கும் இடையிலான ஊசலாட்டம்தான்.

3

‘மேகம்’ என்ற உருவகத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். வலைப்பின்னல் பொறியாளர்கள் படம் வரையும்போது, தங்களுக்கு வெளியே இருக்கிற, விவரம் தேவைப்படாத பகுதியை ஒரு மேகமாக வரைந்துவிடுவார்கள். ‘இதுக்குள்ள என்ன இருக்குன்னு நீ பார்க்க வேண்டாம்’ என்பதற்கான குறி அது. விற்பனைக்கு வந்தபோது அந்தப் பார்க்காமையே ஒரு நற்பண்பு ஆயிற்று. மேகத்துக்கு ஊரில்லை, சொந்தக்காரனில்லை, அது எரியாது.

எரிந்தது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவுக் கட்டிடம் ஒன்று முழுக்க எரிந்தது. பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் பேக்கப்பும் அதே கட்டிடத்தில்தான் இருந்தது என்பது வழக்குமன்றத்தில் தெரியவந்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஆவணங்களுக்கென வைத்திருந்த ‘ஜி டிரைவ்’ அழிந்தது. 858 டெராபைட். வேறெங்கும் படி எடுக்கப்படவில்லை. அளவு ரொம்பப் பெரிசு என்பது சொல்லப்பட்ட காரணம். உலகின் மிக முன்னேறிய மின்னரசுகளில் ஒன்றின் கதை இது.

நெருப்பே வேண்டாம், அலட்சியம் போதும். மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் சர்வர் மாற்றும்போது போய்விட்டன என்று 2019-ல் தெரிந்தது. யாஹூ 1999-ல் வாங்கிய ஜியோசிட்டீஸ் என்ற பெரிய குடியிருப்பை 2009-ல் மூடியது. அதில் கணிசமான பகுதி இன்று படிக்கக் கிடைக்கிறதென்றால், கெடு முடிவதற்குள் ஓடி ஓடிப் படியெடுத்த தன்னார்வலர்கள்தான் காரணம். சத்தமே இல்லாத இன்னொரு வழி ஒப்பந்தம். கூகுள் போட்டோஸ் வரம்பில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் முதல் தேதியோடு நிறுத்தியது. இரண்டு வருஷம் திறக்கப்படாத கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. இறந்துபோன ஒரு கவிஞனின் கணக்கு எத்தனை நாள் திறக்கப்படாமல் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அரசு என்ற விஷயமும் இருக்கிறது. 2013-ல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், இந்த நிறுவனங்களுக்கும் அமெரிக்க உளவுத்துறைக்கும் இருந்த உறவைக் காட்டின. 2018-ல் அமெரிக்கா இயற்றிய ‘கிளவுட் சட்டம்’, தரவு எந்த நாட்டில் கிடந்தாலும் அமெரிக்க நிறுவனத்திடம் அதைக் கேட்டு வாங்க வழி செய்தது. 2025 பிப்ரவரியில் ஆப்பிள், சாவி முழுக்கப் பயனாளியிடமே இருக்கும் பாதுகாப்பு வசதியை பிரிட்டனில் விலக்கிக்கொண்டது. மேகத்துக்குக் குடியுரிமை உண்டு.

4

‘அப்போ சொந்தப் பெட்டிதான்’ என்று நண்பர்கள் முடிவுகட்டிவிடலாம். சுயசார்பு, அதிகாரப் பரவலாக்கம் என்றெல்லாம் நமக்குப் பிடித்த சொற்கள் இங்கே சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பொறுக்கலாம்.

2021 ஜூனில் ‘மை புக் லைவ்’ என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டியை வைத்திருந்தவர்கள் உலகின் பல பாகங்களில் ஒருநாள் திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றுமில்லை. இணையம் வழியாக யாரோ நுழைந்து அழித்திருந்தார்கள். தயாரித்த வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் அதற்கான மென்பொருள் திருத்தங்களை 2015-லேயே நிறுத்தியிருந்தது. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற பணயக் கும்பல் க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டி, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. 2025-ல் சினாலஜி நிறுவனம் தன் புதிய மாடல்கள் சிலவற்றில், தான் அங்கீகரித்த வட்டுகளைத்தான் போடலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பவே அதே வருஷம் தளர்த்திக்கொண்டது. பெட்டி நம் வீட்டில் இருப்பதாலேயே நமக்குச் சொந்தம் ஆகிவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ரெய்ட் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. இரண்டு வட்டில் ஒரே சமயத்தில் எழுதுவதால் ஒரு வட்டு பழுதானால் மற்றது காக்கும், உண்மை. ஆனால் நீங்கள் ஒரு கோப்பைத் தப்பாக அழித்தால் இரண்டிலும் அதே கணத்தில் அழியும். கண்ணாடிக்கு நினைவு கிடையாது. பெட்டியைத் திருடன் தூக்கினாலும், 2015 டிசம்பரில் சென்னையில் நடந்த மாதிரி வெள்ளம் தரைத்தளத்துக்குள் வந்தாலும், உள்ளே எத்தனை வட்டு இருந்தது என்பது கணக்கில் வராது.

போலீஸ் வந்தால்? 2023 அக்டோபர் 3 அன்று டெல்லியில் நியூஸ்கிளிக் இதழோடு தொடர்புடைய பத்திரிகையாளர்களின் வீடுகளில் சோதனை நடந்து, லேப்டாப்புகளும் செல்போன்களும் எடுத்துச் செல்லப்பட்டன. அடுத்த மாதம் உச்சநீதிமன்றம், இப்படிக் கருவிகளைக் கைப்பற்றுவதற்கு நெறிமுறை வேண்டும் என்று ஒன்றிய அரசிடம் சொன்னது. பத்து வருஷ உழைப்பு ஒரே பெட்டியில் இருந்தால் ஒரு பஞ்சநாமாவில் ஒரு வரியாகப் போய்விடும்.

5

நமக்கு இது முதல் அனுபவமல்ல. பனையோலை சில தலைமுறைக்கு மேல் தாங்காது. செல்லரிக்கும், முறியும். ஆகவே படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாறு வருஷத்துக்கொருமுறை வட்டு மாற்றுவதும் அதே வேலைதான். படியெடுப்பது நின்ற இடத்தில் நூல் செத்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிப்போன உ.வே. சாமிநாதையருக்கு, அவை ஹோமத்தில் போடப்பட்டுவிட்டன என்ற பதில்தான் கிடைத்தது. வெறுப்பினால் அல்ல, சடங்கு மரியாதையோடு. காப்பாளன் நல்லவனா கெட்டவனா என்பதைவிட அவன் ஒருத்தன்தானா என்பது முக்கியம். சீவக சிந்தாமணி 1887-ல் அச்சேற முடிந்தது, அதன் ஏடுகள் பல ஊர்களில், பல வீடுகளிலும் மடங்களிலும் சிதறிக் கிடந்ததனால்தான்.

சிதறல் என்பது எல்லோருக்கும் சமமாக வாய்த்ததுமில்லை. எந்த நூலைப் படியெடுப்பது என்று முடிவு செய்தவர்கள் ஓலையும் எழுத்தும் கையில் வைத்திருந்தவர்கள். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’, பிற்பாடு ‘தமிழன்’ ஆன வாரப் பத்திரிகை, நமது இலக்கிய வரலாறுகளில் அநேகமாக இல்லாமலே இருந்தது. 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் அவரது சிந்தனைகள் வந்தபோதுதான் தமிழ்ச் சிந்தனையுலகம் திடுக்கிட்டது. அந்த இதழ்கள் மிஞ்சியதில் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் சொந்த அக்கறையில் காத்துவைத்த படிகளுக்குப் பெரிய பங்குண்டு. நிறுவனங்கள் கண்டுகொள்ளாததை வீடுகள் காப்பாற்றின. சொந்தப் பெட்டிக்கான வலுவான வாதம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. நிறுவனத்துக்கு நாம் வேண்டாதவர்களாக இருக்கும்போது நம் ஞாபகம் நம்மிடம்தான் இருந்தாக வேண்டும்.

இதன் மறுபக்கம் யாழ்ப்பாணம். ஒரு சமூகம் தன் ஞாபகத்தையெல்லாம் ஒரு நல்ல கட்டிடத்தில் கூட்டிவைத்தது. 1981 மே 31 இரவு போலீசாரும் காடையரும் அதைக் கொளுத்தினார்கள். 97,000 நூல்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. யாழ்ப்பாண வைபவமாலையின் ஏடும் அதில் போயிற்று என்பார்கள். ஆனால் வைபவமாலை அழியவில்லை. 1879-லேயே பிரிட்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சாகிவிட்டது, தமிழிலும் பதிப்புகள் வந்துவிட்டன. ஏடு எரிந்தது, பிரதி பிழைத்தது. அச்சேறாத, படியெடுக்கப்படாத ஏடுகளுக்கு அந்த பாக்கியம் இல்லை. அவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துக்களை எண்ணியமாக்கி யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவைத்ததை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். இறக்குகிற ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பேக்கப்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு இரண்டுக்கும் நடுவிலுள்ள கதை. தனிமனிதர் ஒருவர் வீட்டில் சேர்த்தது, சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும். 1992-ல் அவர் மறைந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. மூலங்கள் சென்னையிலேயே இருக்க, மைக்ரோபிலிம் எடுக்கப்பட்டது. தமிழ்ச் சொத்தை வெள்ளைக்காரன் வாங்கிட்டான் என்று பொங்குவது சுலபம். வீட்டுச் சேகரிப்புக்கு வாரிசு யார், மாதச் செலவு யார் தலையில் என்ற கேள்விக்கு அன்று நம்மிடம் வேறு பதில் இருந்ததா?

6

பெட்டியும் மேகமும் ஒரே தப்பைத்தான் நம்மைச் செய்யச் சொல்கின்றன: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டு, பிறகு மறந்துவிடு என்று. சிறுபத்திரிகை ஒருபோதும் அப்படி இயங்கியதில்லை. சில நூறு படி அச்சிட்டு, தபாலில் அனுப்பிச் சிதறடித்துவிடும். ஆசிரியர் வீட்டில் ஒரு படிகூட இல்லாத பழைய இதழ் எங்கோ ஒரு வாசகரின் பரணில் கிடைக்கும். வறுமை கற்றுக்கொடுத்த பாதுகாப்பு அது. பிடிஎஃப் ஆனபின் அச்சுச் செலவு போயிற்று, கூடவே அந்தச் சிதறலும் போயிற்று. இப்போது ஒரு இதழின் முப்பது வருஷமும் ஒருவருடைய பாஸ்வேர்டுக்குள் இருக்கிறது.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்காக கூகுளில் இயங்கிய தனிக் கிளவுட் சந்தா ஒன்று, கூகுள் தரப்பின் ஒரு தவறான அமைப்பினால் நீக்கப்பட்டது. அதில் இரண்டு இடங்களில் வைத்திருந்த படிகளும் ஒரே அடியில் போயின, ஏனென்றால் இரண்டும் ஒரே சந்தா. நிதியத்தைக் காப்பாற்றியதில் வேறொரு நிறுவனத்தில் அவர்கள் வைத்திருந்த படிக்கும் பங்குண்டு. எஸ்தோனியா 2017-ல் லக்சம்பர்க்கோடு ஒப்பந்தம் போட்டுத் தன் அரசு ஆவணங்களின் படியை அந்நிய மண்ணில், ஆனால் தன் அதிகாரத்தின் கீழ் வைக்க ஏற்பாடு செய்தது. தூரத்தில் இருந்தால் போதாது, வேறு கையில் இருக்க வேண்டும். வேறு கையில் இருந்தாலும் சாவி நம்மிடம் இருக்க வேண்டும்.

காசு இல்லாத நமக்கு இதன் அர்த்தம் எளிது. வீட்டில் ஒரு படி, பெட்டியோ சாதாரண ஹார்ட் டிஸ்க்கோ. எப்போதும் இணையத்தில் தொங்க வேண்டியதில்லை. வேறு ஊரில் நம்பிக்கையான தோழர் வீட்டில் இன்னொன்று, அவருடையது நம் வீட்டில். மூன்றாவது மேகத்தில், நம் கணினியிலேயே பூட்டிவிட்டு அனுப்பியது. சாவி குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை. சாட்சிகளின் பெயர் உள்ள ஆவணங்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றில் எதைப் பரப்புவது, எதை வைத்துக்கொள்ளவே கூடாது என்பதைத் தனியாக, கூட்டாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

இதெல்லாம் யார் செய்வது, எந்த இதழ் எந்த ஊருக்கு, செலவை எப்படிப் பங்கிடுவது? அடுத்த கூட்டத்தில் கோட்பாட்டு அமர்வுக்கு முன்னால் இதற்கு அரைமணி ஒதுக்கினால் நல்லது. பிரதி இருந்தால்தானே கட்டுடைக்க முடியும்.