பெர்லின் மகள், அமெரிக்கச் சீருடை

ஒரு நடிகை போர்முனைக்குப் போய்ப் பாடினார் என்றால் 'எல்லாம் விளம்பரம்தான்' என்று சொல்லிவிடுகிறோம். மார்லீன் டீட்ரிச்சை அப்படித் தள்ளிவிட முடியாது, நேயர்களே.

இவர் 1901-இல் பெர்லினில் பிறந்தவர். 1930-இல் வெளிவந்த 'நீல தேவதை' படம் உலகப் புகழ் தந்தது. அதே ஆண்டில் ஹாலிவுட் போனார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு, திரும்பி வரும்படி ஆசை காட்டினார்கள். மறுத்துவிட்டு, 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

போர்வீரர்களுக்குக் கலை நிகழ்ச்சி நடத்த அமெரிக்காவில் 1941-இல் யு.எஸ்.ஓ. என்ற அமைப்பு தோன்றியது. அதன் சார்பில் 1944-இல் டீட்ரிச் கடல் கடந்தார். அல்ஜீரியா, இத்தாலி, பிரான்ஸ், பெல்ஜியம் என்று படைகளின் பின்னாலேயே பயணம். பகலில் சீருடை, மேடையில் மின்னும் கவுன். பாட்டு முடிந்ததும் மரம் அறுக்கும் ரம்பத்தை மடியில் பிடித்து, வில்லால் இழைத்து இசை எழுப்புவார். ஆம், ரம்பம்தான்! வீரர்கள் ஆர்ப்பரிப்பார்கள். தங்கும் இடத்திலோ கடுங்குளிரும் பேன் தொல்லையும்.

மற்ற நட்சத்திரங்கள் எதிரியிடம் சிக்கினால் கைதி. இவர் சிக்கினால் துரோகி. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும். பெற்ற தாய் அப்போது பெர்லினில்தான் இருந்தார், அமெரிக்க விமானங்கள் குண்டு போட்ட அதே பெர்லினில்!

இன்னொன்றும் உண்டு. அக்காள் எலிசபெத்தும் அவர் கணவரும் பெல்சன் வதைமுகாமுக்கு அருகே ஜெர்மன் படையினருக்காகத் திரையரங்கு நடத்தி வந்தார்கள். தங்கை ஒரு படைக்குப் பாடினார். அக்காள் எதிர்ப்படைக்குப் படம் காட்டினார். 1945-இல் இது தெரிந்தபின், தமக்கு உடன்பிறப்பே இல்லை என்றுதான் டீட்ரிச் வெளியில் சொல்லி வந்தார். அக்காளை மறைத்தது சரியா? என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால், அவர் போர்முனைக்குப் போனது புகழுக்காக என்று மட்டும் இனி யாரும் என்னிடம் வாதாட முடியாது.

1947-இல் அமெரிக்கா அவருக்குச் 'சுதந்திரப் பதக்கம்' வழங்கியது. 1960-இல் ஜெர்மனிக்குப் பாட வந்தபோதோ, 'திரும்பிப் போ' என்ற பதாகைகள் வரவேற்றன. டுசல்டார்ஃப் நகரில் ஓர் இளம்பெண் அவர் முகத்தில் துப்பினாள். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

1992-இல் பாரிசில் காலமானார். உடலைப் பெர்லினில், தாயின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள். அந்நகரம் அவருக்குக் கௌரவக் குடிமகள் பட்டம் அளித்தது 2002-இல்தான்.