பால் தொழிலில் விளைந்த தருமம்

தருமம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், செல்வவான் ஒருவன் தன் பெட்டகத்தைத் திறந்து வறியவர்க்கு வழங்கும் காட்சியே நம்மவர் மனத்தில் தோன்றும். அதுவும் தருமமே, அதனை நாம் குறை கூறோம். ஆயினும், குடியானவர்களின் தொழிலொன்று தன்னைச் சூழ்ந்த ஊர்களுக்கு முதலில் ஜீவனமளித்து, பின்னர் அவ்வூரார் கையிலிருந்தே சிறுகச் சிறுகத் திரண்டு பிள்ளைகளுக்கும் பிணியாளருக்கும் பயன்படுமாயின், அத்தருமம் கொடுப்பவர் ஒருவரின் ஆயுளோடு முடிவதில்லை. இதற்குக் குஜராத்து தேசத்துக் கேடா ஜில்லாவின் சரித்திரம் தக்க திருஷ்டாந்தமாகும். அதனை நமது சங்கத்தார் அறியுமாறு இங்கே சுருக்கி எழுதுகின்றோம்.

கேடா ஜில்லாவின் குடியானவர்கள் பயிர்த்தொழிலோடு ஓரிரண்டு எருமைகளையும் வைத்துப் பிழைத்து வந்தவர்கள். தானியத்தை விலை ஏறுமளவும் குதிரில் இட்டு வைக்கலாம். பால் அங்ஙனம் காத்திராது. காலையிற் கறந்தது மாலைக்குள் கெட்டுவிடுமாதலால், வாங்குபவன் சொன்னதே விலையாயிற்று. 1945-ஆம் ஆண்டில் பம்பாய் சர்க்கார் அந்நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டமொன்றை ஏற்படுத்தி, ஆனந்த் என்னும் ஊரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் ரயிலில் பால் அனுப்பும் உரிமையைப் போல்சன் கம்பெனிக்கு அளித்தனர். நகரத்தார் கொடுத்த விலையில் நியாயமான பங்கு எருமையை மேய்த்தவனுக்கு வந்து சேரவில்லை. இடையில் நின்ற தரகர்களும் கம்பெனியுமே இலாபமடைந்தனர்.

குடியானவர்கள் தங்கள் ஜில்லாக்காரராகிய சர்தார் வல்லபாய் படேலிடம் சென்று முறையிட்டனர். அவர், உங்கள் பாலை நீங்களே கூடி விற்றுக்கொள்ளுங்கள் என்று உபதேசித்து, ஸ்ரீ மொரார்ஜி தேசாயை அனுப்பி வைத்தார். 1946-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி சமர்க்கா கிராமத்தில் கூடிய கூட்டத்தில், ஊர்தோறும் பால் உற்பத்தியாளர் சங்கம் அமைப்பதென்றும், சர்க்கார் இணங்காவிடில் பால் கொடுப்பதில்லையென்றும் முடிவாயிற்று. சர்க்கார் இணங்கவில்லை. பதினைந்து நாள் பால் ஆனந்திலிருந்து பம்பாய்க்குச் செல்லவில்லை. அன்றாடப் பால் காசை நம்பியிருந்த ஏழைகள் அதனை இழந்தும் உறுதி தளராது நின்றனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். முடிவில் பம்பாய்ப் பால் அதிகாரி ஆனந்துக்கே நேரில் வந்து, அவர்கள் கோரிக்கைக்கு இணங்கினார். 1946 டிசம்பர் 14-ஆம் தேதி கேடா ஜில்லாக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் யூனியன் பதிவு செய்யப்பெற்றது. தொடக்கத்தில் இருந்தவை இரண்டே கிராம சங்கங்கள்; நாளொன்றுக்குச் சேர்ந்த பால் சுமார் 250 லிட்டர். தேச விடுதலைப் போரிற் சிறை சென்றவராகிய ஸ்ரீ திரிபுவன்தாஸ் படேல் தலைமை ஏற்று, ஊர் ஊராக நடந்து சென்று மற்றச் சங்கங்களை உண்டாக்கினார். இன்று நாம் 'அமுல்' என்று அறியும் பெயர் இவ்விடத்தில் முளைத்ததே.

நிற்க. 1949 மே 13-ஆம் தேதி சர்க்கார் உத்தியோகஸ்தராக ஆனந்த் வந்து சேர்ந்தவர் ஸ்ரீ வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டிற் பிறந்து, நமது சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் பயின்றவர். உத்தியோகம் விட்ட பின்னும் திரிபுவன்தாஸின் வேண்டுகோளுக்கு இணங்கி அங்கேயே தங்கினார். குளிர் காலத்திற் பால் பெருகி விற்பனையாகாது நின்றமையால், அதனைப் பொடியாக்குதல் அவசியமாயிற்று. எருமைப்பாலைப் பொடியாக்க இயலாதென்று மேனாட்டு நிபுணர்கள் கூறியிருக்க, குரியனின் நண்பர் ஸ்ரீ எச். எம். தலாயா அதனைச் செய்து காட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியாகிய யூனிசெப் 8 லட்சம் ரூபாய் பெறுமான இயந்திரங்களை உதவிற்று. அதற்கு ஈடாக ஜில்லாவின் குழந்தைகளுக்கும் தாய்மார்க்கும் 12 லட்சம் ரூபாய் பெறுமான பாலை இலவசமாக வழங்க யூனியன் ஒப்பியது. பெற்ற உதவியை ஒன்றரை மடங்காக ஏழைக் குழந்தைகளின் வாயிற் செலுத்துவதாகக் கொண்ட உடன்படிக்கை இது. 1955 அக்டோபர் 31-ஆம் தேதி பண்டித நேரு அத்தொழிற்சாலையைத் திறந்து வைத்தார்.

இனிக் கிராம சங்கத்தின் நடைமுறையைக் காண்போம். காலையும் மாலையும் உறுப்பினர் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பர். பாலை அளந்து, கொழுப்பின் அளவைச் சோதித்து, அதற்கேற்ப விலை கணக்கிடுவர். எருமை ஒன்றுடையவனுக்கும் பத்துடையவனுக்கும் வாக்கு ஒன்றே. எச்சாதியாரும் வந்த முறைப்படியே ஒரே வரிசையில் நிற்பர்; அனைவர் பாலும் ஒரே பாத்திரத்திற் கலக்கும். மாட்டு வைத்தியமும் தீவனமும் சங்கத்தின் மூலமாகவே கிடைத்தன. ஆண்டிறுதியில் எஞ்சிய இலாபம் உறுப்பினர்க்குப் பங்கிடப்பெற்றதோடு, அதில் ஒரு பகுதி ஊர்ப் பள்ளிக்கூடம், சாலை முதலிய பொதுக் காரியங்களுக்கும் செலவாயிற்று.

திரிபுவன்தாஸ் 1970-ஐ அடுத்த ஆண்டுகளில் தாமாகவே தலைமைப் பதவியினின்றும் விலகியபொழுது, உறுப்பினர் தலைக்கு ஒரு ரூபாய் வீதம் திரட்டி, ஆறு லட்சம் ரூபாய் கொண்ட பணமுடிப்பை அவருக்கு அளித்தனர். அவர் அதனைத் தமக்கென்று கொள்ளாது, தாய் சேய் நலத்துக்காகத் தரும ஸ்தாபனம் ஒன்றை 1975-இல் நிறுவினார். பால் சங்கங்களையே ஆதாரமாகக் கொண்டு, அந்தந்த ஊரைச் சேர்ந்த மாதர்களையே பயிற்றி, வீடுதோறும் சென்று கருவுற்றோரையும் குழந்தைகளையும் கவனிக்குமாறு அந்த ஸ்தாபனம் செய்தது.

குறையே இல்லையென்று நாம் கூறோம். எருமையைப் பேணுபவர் பெரும்பாலும் பெண்டிராயிருக்க, உறுப்பினர் பட்டியலிலும் நிர்வாகத்திலும் நெடுங்காலம் ஆடவரே மிகுந்திருந்தனர். நிலமற்றவர்க்குத் தீவனம் தேடுவது இன்றும் வருத்தமே.

அன்பர்களே! இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ள வேண்டிய பொருள் யாது? உழைப்பவனுக்கு நியாயமான விலை கிடையாத இடத்தில் தருமம் செய்வது, வேரை வெட்டிவிட்டு இலைக்கு நீர் தெளிப்பதை ஒக்கும். நமது சங்கத்தின் கல்வி நிதியும் வைத்திய நிதியும் ஒரு சில தனவந்தரின் கொடையையே எதிர்நோக்கி நிற்றல் கூடாது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது பழமொழி. குடும்பந்தோறும் அளிக்கும் ஒரு ரூபாய் நிதிக்கு வலிமை தருவதோடு, கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் அதில் உரிமையையும் தரும். அங்ஙனம் திரண்ட நிதி நம்மவர் வாசலோடு நின்றுவிடாது, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் எட்ட வேண்டும். ஆனந்தின் பால் வரிசையில் எவரும் முன்பின் என்று பிரிக்கப்படவில்லை. நமது தருமத்தின் வரிசையும் அவ்வாறே அமையுமாக.