சிற்றேடும் பெருஞ்செய்தியும்

பனையோலையில் எழுதிய முன்னோர், மெய்யெழுத்தின் தலையிற் புள்ளி குத்துவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எழுத்தாணியின் கூர் பட்டு ஓலை பழுதாகிவிடும் என்பதே காரணம். படிப்பவர் இடமறிந்து பொருள் கொள்ள வேண்டியதாயிற்று. ஏட்டின் இயல்பு எழுதும் முறையையே மாற்றும் என்பதற்கு இது பழஞ்சான்று. இன்றைய கைத்தொலைபேசியும் அத்தகையதோர் ஏடேயாகும்.

1985 ஆம் ஆண்டில், ஜெர்மனியப் பொறியியலாளர் ஃபிரீடெல்ம் ஹில்லபிராண்ட் தட்டச்சுப் பொறியிற் பல வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, ஒரு கருத்தைக் கூற 160 எழுத்துகள் போதுமெனக் கண்டார். 1992 டிசெம்பர் 3 ஆம் நாள் முதற் குறுஞ்செய்தி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஆனால் அந்த அளவு உரோம எழுத்துக்கே உரியது. ஒருங்குறியில் எழுதப்படும் தமிழுக்குக் கிடைப்பவை 70 இடங்களே. 'கிளிநொச்சி' என்பது கண்ணுக்கு ஐந்தெழுத்து, கருவிக்கோ பத்து. ஓலையில் விடப்பட்ட அதே புள்ளி, இங்கே தனியோர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இஃது எழுத்தெண்ணிக்கை பற்றிய வெறும் ஆராய்ச்சி அன்று, உயிரோடு தொடர்புடையது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கியது. முல்லைத்தீவு மக்களுக்கு முன்னறிவித்தல் எதுவும் எட்டவில்லை. மறு ஆண்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பின்னர் கைத்தொலைபேசி வன்னியெங்கும் பரவலாயிற்று. 2018 டிசெம்பரிற் பெருவெள்ளம் வந்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, செய்தியைக் கொண்டுசெல்லும் கருவி மக்கள் கையில் இருந்தது.

எனினும் கருவி இருந்தால் மட்டும் போதுமா? தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் நிற்பது இயல்பு. அலுவலகக் கடிதத்தின் நடையில், திணைக்களத்தின் பெயர், திகதி, காரணம் என்று தொடங்கும் அறிவித்தலில், 'வெளியேறுங்கள்' என்னும் சொல் கடைசியிலேயே வரும். கைத்தொலைபேசியின் முகப்பில் முதலிரு வரிகளே தோன்றும். நள்ளிரவில் விழித்தெழுந்தவர் அதற்குமேற் படிப்பார் என்பதற்கு உறுதியில்லை. 'உடனே மேட்டுக்குச் செல்லுங்கள். இரணைமடு வான்கதவுகள் திறப்பு.' என்றால் எழுபது இடங்களுக்குள் அனைத்தும் அடங்கிவிடும். செய்ய வேண்டியது முதலில், காரணம் அடுத்து, விளக்கம் வேண்டுவோர்க்குப் பின்னர்.

சுருக்கம் வேறு, குறைப்பு வேறு. புள்ளியற்ற ஓலையை அறிஞர் ஆறஅமர இருந்து படித்துத் தெளிந்தனர். வெள்ளம் வாசலுக்கு வருகையில் ஆராய்ந்து தெளிய நேரமேது? இடம் சிறிதாயினும் பொருள் ஐயமற விளங்க வேண்டும். சிற்றேட்டில் எழுதுவோரின் பொறுப்பு, பேரேட்டில் எழுதுவோரின் பொறுப்பினும் பெரிது.