ஐயாயிரம் அடிக்கு மேலே

கொத்மலை என்றதும் இன்று பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது நீர்த்தேக்கமே. சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டப்பட்டு 1985ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அந்த அணை 87 மீற்றர் உயரமானது. அங்குள்ள மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 201 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியவை. நேயர்களே, நீங்கள் இந்த உரையைக் கேட்டுக் கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியினுள் ஓடுகின்ற மின்சாரத்திலும் கொத்மலைத் தண்ணீரின் பங்கு ஏதோ ஒரு துளி இருக்கக் கூடும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது வருவதற்குக் காரணமான காட்டை யார் காத்தார்கள், யார் அழித்தார்கள் என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

கொத்மலை ஓயாவின் தலை ஹோட்டன் சமவெளியில் இருக்கிறது. ஆக்ரா ஓயாவாக இறங்கி, அக்கரப்பத்தனை, தலவாக்கலை என்று தோட்டங்களைக் கடந்து, பூண்டுலோயாப் பக்கத்து ஓடைகளையும் இறம்பொடை அருவியின் நீரையும் சேர்த்துக்கொண்டு அது நீர்த்தேக்கத்தை அடைகிறது. மலையுச்சியில் இருப்பது மேகக் காடு. குள்ளமான, முறுக்கிய கிளைகளும் பாசி படர்ந்த தண்டுகளும் கொண்ட மரங்கள் அவை. மழை பெய்யாத நாளிலும் தவழ்ந்து செல்லும் மூடுபனியை இலைகளாற் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுப்பவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் நெலு என்ற செடி அந்தக் காட்டின் அடியிலே வளர்கிறது. 2013இல் அது மலையெங்கும் பூத்தபோது பார்க்கப் போனவர்கள் பலர். அது நமது சங்கப் புலவர்கள் ஒரு திணைக்கே பெயராகச் சூட்டிய குறிஞ்சியின் உறவு என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

துட்டகைமுனு தந்தையோடு பிணங்கி மலைய நாட்டுக்குள் ஓடி ஒளிந்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. அவன் ஒளிந்த இடம் கொத்மலைதான் என்பது இங்குள்ள சிங்களக் கிராமங்களின் நெடுங்கால வழக்கு. அரசனின் ஆட்கள் தேடியும் ஓர் இளவரசனைக் காணமுடியாத அளவுக்கு அடர்ந்த காடு அது என்பதையாவது இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். கண்டி மன்னர்களின் காலத்தில் ‘தஹன்சி கெலே’, அதாவது தடைசெய்யப்பட்ட காடுகள் இருந்தன. அரணுக்காகவும் அரச தேவைக்காகவும் அங்கே கோடரி வைக்கக் கூடாது. கண்டி நகரில் இன்றும் நிற்கும் உடவத்தைக்கெலே அப்படிப்பட்ட ஒன்று.

வெள்ளைக்காரர் ஆட்சியில் காட்டைப் பற்றிய முதற் பெரிய சட்டம் காட்டைக் காப்பதற்காக வந்ததல்ல, விற்பதற்காக வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். பயிர் செய்யப்படாத, குடியேறப்படாத காடும் தரிசும் மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று அது கூறியது. கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டி, விறகு பொறுக்கி, மாடு மேய்த்த காடுகளுக்கு உறுதிப் பத்திரம் எங்கே இருக்கும்? அரசு அவற்றை ஏக்கர் ஐந்து ஷில்லிங் வீதம் விற்றது. 1844இல் விலை இருபது ஷில்லிங்காக உயர்ந்தது. வாங்கியவர்களுள் தேசாதிபதி ஸ்டுவர்ட் மக்கன்சியும் அவருடைய உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். சட்டம் செய்தவர்களே சந்தைக்கும் வந்து நின்றார்கள்.

அந்தக் காட்டை எப்படி வீழ்த்தினார்கள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மரமாக வெட்டிச் சாய்ப்பது வீண் வேலை என்று துரைமார் கருதினார்கள். வெட்டுகிறவர்கள் மலையடிவாரத்தில் தொடங்குவார்கள். ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி, விழாமல் நிறுத்திவிட்டு மேலே ஏறுவார்கள். இப்படியே உச்சி வரை. உச்சியில் நிற்கும் வரிசையை மட்டும் முழுதாக வெட்டிக் கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள். அவை தம் கீழுள்ளவற்றின் மேல் விழ, அவை அடுத்தவற்றின் மேல் விழ, கொடிகள் பின்னிப் பிணைந்த அந்த மலைச்சரிவு முழுவதும் ஒரே முழக்கத்தோடு சரிந்து இறங்கும். அதன்பின் வாரக்கணக்கில் காயவிட்டு, வெயிற் காலம் பார்த்துத் தீ வைப்பார்கள்.

நம்மவர்கள் தாம் காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள் என்று மேடைகளிற் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முழு உண்மை அதைவிடச் சிக்கலானது. மரம் வெட்டும் வேலையைப் பெரும்பாலும் கொந்தரப்புக்கு எடுத்தவர்கள், கோடரி வேலையில் தேர்ந்த சிங்களக் கிராமத்தவர்கள். எரிந்த மலையில் கரிக்கட்டைகளுக்கிடையே குழி வெட்டியவர்களும், கன்று நட்டவர்களும், பாதை போட்டவர்களும், அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்களும் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த கூலிகள். காணியை இழந்தவன் காட்டை வெட்டினான், காணியே இல்லாதவன் அங்கே கோப்பி நட்டான். இலாபம் இருவர் கைக்கும் வரவில்லை.

1878 அளவில் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரிற் பரவியிருந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 1869இலேயே, இலையில் மஞ்சட் புள்ளியாகத் தோன்றிய ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. இடையிலே சிங்கோனா வந்து போயிற்று. அதற்கெனவே 1861இல் ஹக்கலைப் பூந்தோட்டம் தொடங்கப்பட்டிருந்தது. பின்னர் தேயிலை வந்து நிலைத்தது. புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்தில் வேம்ஸ் சகோதரர்கள் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை நட்டது 1841இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராகச் செய்தது 1867இல். கோப்பிக்கு மிக உயர்ந்த மலைகள் ஒத்துவரவில்லை. தேயிலையோ மேலே போகப் போகச் சுவை கூடும் பயிர். ஆபத்து அங்கேதான் இருந்தது.

காப்பாற்றியது ஒரு கடிதம் என்றால் நம்புவீர்களா? இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கத்துக்கு ஓர் ஆலோசனை எழுதினார். ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாது விட்டுவிட வேண்டும் என்பதே அதன் சாரம். அவை போனால் மழை நீரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, ஆறுகள் வற்றும், மண் போகும் என்பது அன்றைய தாவரவியலாளரின் கவலை. அரசாங்கம் அதை ஏற்று, அந்த உயரத்துக்கு மேல் முடிக்குரிய காடுகளை விற்பதை நிறுத்தியது. தடை முழுமையானது என்று சொல்லமாட்டேன். நுவரெலியாவின் பெட்ரோ தோட்டம் ஆறாயிரம் அடிக்கு மேலேதான் இருக்கிறது. ஆனாலும் ஹோட்டன் சமவெளி, பீதுருதாலகலை, சிவனொளிபாதமலைத் தொடர் ஆகியவற்றில் இன்று மேகக் காடு மிஞ்சியிருக்கிறதென்றால் அந்தக் கடிதத்துக்கு அதில் பெரும் பங்குண்டு. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை எனப் பதிவு செய்த மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளில் இரண்டு, இந்த உயரக் காடுகளைச் சேர்ந்தவை.

அதுவரை காட்டுக்கென்று தனித் திணைக்களம் இருக்கவில்லை. அரசாங்க அதிபர்மார் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்க, வியாபாரிகள் வெட்டிக்கொண்டு போனார்கள். 1882இல் இந்திய வனத்துறையிலிருந்து வின்சன்ட் என்ற அதிகாரி வரவழைக்கப்பட்டார். தீவைச் சுற்றிப் பார்த்து அவர் தந்த அறிக்கை அனுமதிச் சீட்டு முறையையும் சேனைச் செய்கையையும் கடுமையாகக் கண்டித்தது. அதன் விளைவே 1885ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டமும், 1887இல் தோன்றிய வன பரிபாலனத் திணைக்களமும். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன்பின் வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான்.

காட்டை அளந்து, எல்லைக் கல் நட்டு, வர்த்தமானியில் அறிவித்து, உரிமை கோருவோரை விசாரித்து, ஒதுக்குக் காடாக்குவதே அச்சட்டத்தின் முறை. கிராமத்தவரின் தேவைக்கென்று கிராமக் காடு என ஒரு பிரிவையும் அது ஏற்படுத்தியது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவன் மட்டும் சட்டத்தின் கண்ணிற் கிராமத்தவன் அல்ல. அவனுக்குக் கிராமமே இல்லை, இருக்கும் மலை தோட்டத்துடையது, அதற்கு மேலே இருக்கும் காடு அரசினுடையது. அடுப்பெரிக்கத் தோட்டம் கொடுக்கும் கவ்வாத்து மிலாறு தீர்ந்தால், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண் விறகுக் கட்டுக்கு எங்கே போவாள்? எல்லைக் கல்லைத் தாண்டினாற் குற்றம். நமது தோட்டங்களில் ‘பொரஸ்ட்’ என்ற சொல் மரங்களைவிடக் காக்கிச் சட்டையைத்தான் முதலில் நினைவூட்டும். ஒரு மக்கள் கூட்டத்துக்கும் காட்டுக்குமிடையே உறவே இல்லாமற் செய்துவிட்டு, அவர்களிடம் இயற்கைப் பற்றை எதிர்பார்ப்பது நியாயமாகாது என்பது என் எண்ணம்.

பெரிய விறகுத் தேவை லயத்துடையதல்ல, தொழிற்சாலையுடையது. ஒரு கிலோ தேயிலை காய்ந்து வர ஒன்றரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை விறகு எரிய வேண்டும். இரயில் பாதை 1885இல் நானுஓயா வரை வந்தபின் அதற்கும் கட்டைகள் தேவைப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவுஸ்திரேலியாவின் யூக்கலிப்டஸ் மரங்களும் அக்கேசியாவும் மலைநாட்டில் நடப்பட்டன. நம்மவர் யூக்கலிப்டசை டர்பன்டைன் என்பார்கள். நிழலுக்கென்று தேயிலைக்கிடையே நட்ட மரத்துக்கு நாம் வைத்த பெயர் சவுக்கு. தமிழகத்துக் கடற்கரைச் சவுக்கு வேறு மரம். புது மண்ணில் கண்ட புது மரத்துக்குப் பழைய ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள் போலும்.

கொத்மலைப் பகுதியில் வெறும் புல்லாய்க் கிடந்த சரிவுகளிலும் கைவிட்ட தேயிலை மலைகளிலும் திணைக்களம் நட்டவை பைன் மரங்கள். 1960களிலும் 70களிலும் பெருமளவில் நடப்பட்ட இவை கரீபியத் தீவுகளையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டவை. கெட்டுப்போன மண்ணிலும் வேகமாக வளரும் என்பது இவற்றைத் தேர்ந்ததற்கான நியாயம். வளர்ந்தன, உண்மைதான். ஆனால் ஊசியிலை தரையில் மெத்தையாகப் படிய, கீழே வேறு செடிகள் அதிகம் தலைகாட்டுவதில்லை. வரட்சிக் காலத்தில் அந்த மெத்தை தீக்கு எண்ணெய். ஊற்றுகள் வற்றிவிட்டன என்று கிராமத்தவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். பைனை வெட்டி எறிவதுதான் வழியென்று சிலர் பேசுவதோடு எனக்கு உடன்பாடில்லை. 1990களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணதிலக்க தம்பதியரும் அவர்களோடு சேர்ந்த ஆய்வாளரும் சிங்கராஜ வனத்தின் ஓரத்திலே பைன் வரிசைகள் சிலவற்றை அகற்றி, அந்த இடைவெளியில் நாட்டு மரக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். அரை நிழலில் அவை நன்றாகவே வளர்ந்தன. அந்நிய மரத்தைச் செவிலித் தாயாக்கிச் சொந்தக் காட்டை மீட்கலாம் என்பதற்கு அது சான்று. உயரமான மலைக்கு வேறு மரங்கள் வேண்டும், பொறுமையும் கூடுதலாக வேண்டும்.

இதற்கிடையே நாட்டின் காடு சுருங்கிக்கொண்டே வந்தது. 1881இல் நிலப்பரப்பில் 84 வீதமாக இருந்ததாகக் கணக்கிடப்பட்ட காடு, 1956இல் 44 வீதம். 1992இல் அடர்ந்த காடு 24 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது முற்றாக நிறுத்தப்பட்டது. 1995இன் தேசிய வனக் கொள்கை, காடு மரக்கிடங்கு அல்ல, நீருக்கும் மண்ணுக்கும் உயிரினங்களுக்கும் காவல் என்பதை முன்வைத்தது. வெட்டி விற்பதற்கென்று பழகிய ஒரு திணைக்களம் காவற்காரனாக மாறியது சிறிய காரியமல்ல. அந்த மாற்றத்துக்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

மண் விடயத்தில் மட்டும் பாடம் மெதுவாகவே ஏறுகிறது. 1947 வெள்ளத்தில் கம்பளைப் பகுதி மூழ்கியபின் 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் கட்டிய பொல்கொல்லை அணைக்கட்டின் தேக்கம் பன்னிரண்டே ஆண்டுகளில் கொள்ளளவில் ஏறத்தாழ 44 வீதத்தை வண்டலுக்கு இழந்தது. மலைச்சரிவில் காப்பின்றி மரக்கறியும் உருளைக்கிழங்கும் பயிரிட்ட தோட்டங்கள், பராமரிப்பற்ற பழைய விதைத் தேயிலை மலைகள், பாதை வெட்டிய மண் என எல்லாமே ஆற்றோடு போயின. நீர்த்தேக்கத்துக்காக கடதொர விகாரையையும் வயல்களையும் கிராமங்களையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, அதே நீர்த்தேக்கத்தை மேலிருந்து மண்ணால் நிரப்பிக் கொண்டிருக்கிறோம்.

காட்டுக்கும் லயத்துக்கும் இருக்கும் உறவு இப்போது விறகைப் பற்றியது மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் மத்திய மலைநாடெங்கும், கொத்மலைப் பகுதியிலும் சரிவுகள் ஏற்பட்டன. சரிவுகளுக்கெல்லாம் காடழிப்பே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பாறையின் அமைப்பு, மழையின் அளவு, அடைபட்ட வடிகால் எல்லாம் சேர வேண்டும். ஆனாலும் கோப்பிக் காலத்தில் செங்குத்தான மலைகளைச் சிரைத்து, அவற்றின் மடிப்புகளில் வரிசை வரிசையாக லயம் கட்டியது யாருடைய திட்டமோ, அதன் வட்டியைக் கட்டுகிறவர்கள் லயத்துக்காரர்கள்.

தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற திட்டத்தில் தனி வீடுகள் எழும்பத் தொடங்கியபோது, இந்தப் பழைய கணக்கு புதிய வடிவில் வந்து நின்றது. வீடு கட்டுமுன் அந்த நிலம் சரியாதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்ல வேண்டும். சரிவு குறைந்த நல்ல நிலத்தில் தேயிலை நிற்கிறது, கம்பனி அதை விட விரும்புவதில்லை. மேலே இருப்பது ஒதுக்குக் காடு, அதைத் தரக் கூடாது, கேட்கவும் கூடாது. மிஞ்சுவது ஓடையோரமும் பைன் மலையடிவாரமும். கொத்மலையில் பல தோட்டங்களில் இன்று ஆட்கள் அளவு நாடாவோடு நின்று பார்ப்பது அந்த இடங்களைத்தான்.