நாமே சொல்லவேண்டிய விடை



தம்மை யாரென்று மக்கள் கருதுகிறார்கள் எனப் பிலிப்புச் செசரியாவில் வினவிய இயேசு பெருமான், அடுத்துச் சீடர்களின் சொந்த விடையையும் கேட்டார். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், அவர் தந்தையோடு ஒரே இறையியல்பு கொண்டவர் என்று அறிக்கையிட்டனர். அவ்விசுவாசத்தையே நாம் ஞாயிறுதோறும் வாயால் அறிக்கையிடுகிறோம். அதனை உயிரால் அறிக்கையிட்டவர் நம் தமிழ் மண்ணின் புனித தேவசகாயம்.

1712இல் நட்டாலத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் வழியாக யோபுவின் வரலாற்றையும் கிறிஸ்துவையும் அறிந்தார். 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பதவி போயிற்று, சிறையும் சித்திரவதையும் வந்தன. அவரோ கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15இல் அவரைப் புனிதராக அறிவித்தார்.

விசுவாசம் அவருக்கு முதுசொமாக வரவில்லை. தாமே தேடிக் கண்டடைந்தார். நம்மில் பலருக்கோ அது தொட்டிலிலேயே கிடைத்தது. தென்பெண்ணைக் கரை மணலூர்பேட்டையில் வாழும் நாம், பெற்றோர் தந்த விடையை நம் சொந்த விடையாக்குவோம். யூபிலிக்கு நாம் செலுத்தும் மெய்யான காணிக்கை அதுவே.